2012ல ரபோபேங்க், தான் ஸ்பான்சர் பண்ணிட்டு இருந்த சைக்கிள் டீமை விட்டு ஏன் விலகுச்சு? ஊக்கமருந்து விவகாரத்துல மாட்டின அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவங்க டீமே இல்லையே?

ஆமா, ஆம்ஸ்ட்ராங் அவங்க ஆளு இல்ல. ஆனா 2012 அக்டோபர்ல அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு யுசாடா ஆம்ஸ்ட்ராங் பத்தி வெளியிட்ட ரிப்போர்ட் அவரு ஒரு ஆளோட நிக்கல, அதுல சாட்சி சொன்ன லீவை லைப்ஹைமர் முன்னாடி ரபோபேங்க் டீம்ல இருந்தவரு, அங்க இருந்தப்பவும் ஊக்கமருந்து எடுத்தேன்னு ஒத்துக்கிட்டாரு. ரிப்போர்ட் வந்து பத்து நாள்கூட ஆகல, அக்டோபர் 19 அன்னிக்கு அந்த நெதர்லாந்து பேங்க் ப்ரோ சைக்கிளிங்கே வேண்டாம்னு அறிவிச்சிடுச்சு. இந்த விளையாட்டு சுத்தமாகும்ங்கிற நம்பிக்கை போயிடுச்சுன்னு நேரடியாவே காரணம் சொன்னாங்க.

இதுக்கு முன்னாடியும் அடி வாங்கியிருக்காங்க. 2007 டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல மஞ்சள் ஜெர்சியோட முன்னணில இருந்த அவங்க வீரர் மைக்கேல் ராஸ்முசன், டெஸ்ட் எடுக்க எங்க இருக்கோம்னு சொல்ல வேண்டிய தகவல்ல பொய் சொன்னாருன்னு டீமே ரேஸ் நடுவுல வீட்டுக்கு அனுப்பிடுச்சு. பேங்க்னா நம்பிக்கைதான் முதலீடு, அந்தப் பேரை ஜெர்சில போட்டுட்டு வருஷா வருஷம் இப்படி நியூஸ்ல வந்தா எப்படித் தாங்கும்?

இதுல நிஜமா அடிபடுறது டீம்ல வேலை பாக்குறவங்கதான், ஏன்னா சைக்கிளிங்ல டிக்கெட் வசூல் கிடையாது, டிவி பணமும் பெரும்பாலும் ரேஸ் நடத்துறவங்களுக்கே போயிடும், அதனால ஸ்பான்சர் போனா மெக்கானிக்ல இருந்து மசாஜ் பண்றவர் வரைக்கும் எல்லாரோட சம்பளமும் ஆட்டம் காணும். நல்லவேளையா ரபோபேங்க் பேரை மட்டும் எடுத்துட்டு ஒப்பந்தப்படி பணம் குடுத்துச்சு, 2013 ஆரம்பத்துல அந்த டீம் பிளாங்கோங்கிற பேர்ல ஓடுச்சு, அப்புறம் பெல்கின் கம்பெனி புது ஸ்பான்சரா வந்தாங்க. இப்ப இருக்கிற விஸ்மா டீம் அதே வழில வந்ததுதான்.