பழைய ஒப்பந்தத்தை நீட்டிக்கிறீர்களா? ஒவ்வொரு தேதியையும் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நகர நிர்வாகங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் பலரும் இந்த மாதம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: தொழிற்சங்கத்துக்கும் நகரத்துக்கும் உள்ள ஊதிய, பணி ஒப்பந்தத்தை நீட்டிப்பது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஐந்து கேள்விகளுக்கு எங்கள் தொழிலாளர் சட்டக் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: நான் நகரக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் 30-உடன் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. "பழையதே ஒரு வருடம் தொடரும்" என்று ஒரு பக்கக் கடிதத்தை நீட்டி, சங்கத்தைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

இப்போது இருக்கிறபடி வேண்டாம். "பழையதே தொடரும்" என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியைத்தான் தள்ளிவைக்கிறது. உள்ளே இருக்கும் மற்ற தேதிகள் அப்படியே நின்றுவிடும். தகராறு கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒப்பந்தத்தை எடுத்து, தேதியோ வருடமோ வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஊதிய அட்டவணை பின்னால் பிற்சேர்க்கையாக இருக்கும். அதில் கடைசி வருடத்துக்குப் பிறகு பத்தியே இருக்காது. சங்கம் ஒன்றும் கேட்காவிட்டால் நீட்டிப்பு வருடத்துக்குப் பொது உயர்வு பூஜ்யம் என்றுதான் அர்த்தமாகும். அடுத்து துணைக் கடிதங்கள். ஷிஃப்ட் படி, சீருடைப் படி, நான்கு நாள் வேலை வாரம் போன்றவை இதில் தனியாக எழுதப்பட்டிருக்கும். பலவற்றில் "மூல ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியோடு இது காலாவதியாகும்" என்ற வரி உண்டு. மூல ஒப்பந்தம் என்றால் எந்தத் தேதி, பழையதா நீட்டித்ததா என்று பிறகு சண்டை வரும். மீதி விடுப்பை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் வரம்பு, பேச்சுவார்த்தை நோட்டீஸ் கொடுக்கும் காலக்கெடு ஆகியவற்றையும் விடாதீர்கள்.

மிகவும் வலிப்பது மருத்துவக் காப்பீடு. நகரத்தின் பங்கு சதவீதமாக எழுதப்பட்டிருக்கிறதா, டாலர் உச்சவரம்பாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, பிரீமியம் மாதம் 1,000 டாலர், நகரம் தருவது 800 வரை என்று வையுங்கள். உங்கள் பங்கு 200. பிரீமியம் 1,080 ஆனால், நகரம் அதே 800-இல் நிற்கும். உங்கள் பங்கு 280 ஆகிவிடும். வருடத்துக்கு 960 டாலர் கூடுதல். 60,000 டாலர் சம்பளக்காரருக்கு 3 சதவீத உயர்வு 1,800 டாலர்தான். அதில் பாதிக்குமேல் இங்கேயே போய்விடும். சதவீதமாக எழுதியிருந்தால் பாரம் இரு தரப்புக்கும் பிரியும்.

நீட்டிப்புக் கடிதத்தின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

"ஜூன் 30, 2026-இல் முடியும் ஒப்பந்தமும் அதன் எல்லாப் பிற்சேர்க்கைகளும், இத்துடன் பட்டியலிட்ட துணைக் கடிதங்களும் ஜூன் 30, 2027 வரை முழுமையாக நடப்பில் இருக்கும். அவற்றில் முடிவுத் தேதியாக ஜூன் 30, 2026 வரும் இடங்களிலெல்லாம் ஜூன் 30, 2027 என்று கொள்ள வேண்டும். கீழ்க்கண்ட பிரிவுகள் மட்டும் பின்வருமாறு திருத்தப்படுகின்றன..."

அதன்பிறகு திருத்தங்களைப் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். துணைக் கடிதங்களின் பட்டியல் இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

கேள்வி: நீட்டிக்காமல் விட்டால் என்ன? பழைய விதிகள் தானாகத் தொடராதா?

நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1935-ஆம் வருடத்துத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மாநில, நகர ஊழியர்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு மாநிலச் சட்டம்தான் எல்லாம். அதனால் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் நிலைமை ஊழியருக்குச் சாதகம். 1967-இல் வந்த டெய்லர் சட்டத்தில் (அங்கே அரசு, நகர ஊழியர்களுக்கான தொழிலாளர் உறவுச் சட்டம்) 1982-இல் சேர்த்த டிரைபரோ திருத்தத்தின்படி, புது ஒப்பந்தம் வரும்வரை காலாவதியான ஒப்பந்தத்தின் எல்லா விதிகளையும் நகரம் தொடர வேண்டும். சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். "இந்தத் தேதியோடு முடியும்" என்று தாங்களே எழுதிக்கொண்ட பிரிவுகளையும் அது காப்பாற்றாது.

மிச்சிகனில் 2011-இல் வந்த சட்டம் இதற்கு நேர் எதிராக இருந்தது. ஒப்பந்தம் காலாவதியான நாளில் இருந்த சம்பளத்திலேயே ஊழியர் நிற்க வேண்டியிருந்தது. வருடாந்தர இன்க்ரிமென்ட் கிடைக்கவில்லை. காப்பீட்டுச் செலவு ஏறினால் ஏறின தொகையை ஊழியரே கட்ட வேண்டியிருந்தது. 2023-இல்தான் அதை ரத்து செய்தார்கள். விஸ்கான்சினில் 2011-ஆம் வருடத்து 10-ஆம் சட்டம், காவல், தீயணைப்புத் துறையினரைத் தவிர்த்த பொது நகராட்சி ஊழியரின் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், அதை நீட்டிக்கவே கூடாது என்கிறது. அதன்மேல் வழக்கு உண்டு. கையெழுத்துக்குமுன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓஹாயோவில் இன்னொரு நுணுக்கம். அங்கே ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி, கையெழுத்தான நாளிலிருந்து மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. நீட்டிக்கலாம், ஆனால் நீட்டிப்பு மூல ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை மாற்றாது என்று சட்டமே சொல்கிறது. போட்டிச் சங்கம் ஒன்று அங்கீகாரம் கேட்டு மனுப் போடக்கூடிய சூழலில் இது பெரிய விஷயம். நீட்டிப்பு அந்த மனுவைத் தடுக்கும் கேடயம் என்று நினைத்து அசந்துவிடாதீர்கள்.

இரண்டு பிரிவுகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்வோம்: குறைதீர்ப்பு வழக்கை நடுவரிடம் கொண்டுபோகும் உரிமை, வேலைநிறுத்தத் தடை. பல மாநிலங்களில் ஒப்பந்தம் காலாவதியானதும் இரண்டும் கேள்விக்குறியாகும். நீட்டித்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வரும். நகரம் நீட்டிப்பைக் கேட்பதற்கு முக்கியக் காரணம் இரண்டாவது பிரிவு. நீங்கள் கொடுக்கும் ஒரு வருட அமைதிக்கு என்ன விலை கேட்கலாம் என்று யோசித்துவிட்டுப் பேசப் போங்கள்.

கேள்வி: மேயர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நகர மன்றம் "எங்களுக்கு இன்னும் வரவில்லை" என்கிறது. ஒப்பந்தம் செல்லுமா?

மேயரோ நகர மேலாளரோ போடும் கையெழுத்து பெரும்பாலும் தற்காலிக உடன்பாடுதான். உறுப்பினர்களின் வாக்கெடுப்பு ஒரு பக்கம், நகர மன்றத்தின் ஒப்புதல் மறுபக்கம். இரண்டும் ஆனால்தான் உயிர் வரும். நியூயார்க்கில், நிதியோ சட்டத் திருத்தமோ தேவைப்படும் பிரிவுகள் மன்றம் ஒப்புக்கொள்ளும்வரை செல்லாது என்ற அறிவிப்பையே ஒப்பந்தத்தில் அச்சிட வேண்டும். ஓஹாயோவில் உடன்பாடு ஏற்பட்ட 14 நாளுக்குள் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வந்த 30 நாளுக்குள் மன்றம் முடிவெடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே பொருள். அதுவும் முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாக நிராகரிக்க வேண்டும். பிடித்த பிரிவை மட்டும் பொறுக்க முடியாது. கலிபோர்னியாவில், முறைப்படி அறிவித்த பொதுக் கூட்டத்தில் தற்காலிக உடன்பாட்டை முதலில் பரிசீலித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மன்றம் வாக்களிக்க வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்குமுன் வெளியாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூன் 29-இல் உடன்பாடு எட்டி 30-இல் வழக்கமான கூட்டத்தில் ஒப்புதல் வாங்கலாம் என்பது அங்கே நடக்காது.

ஓஹாயோவில் என்றால், மன்றத்துக்கு அனுப்பிய தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 30 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி: சதவீத உயர்வுக்குப் பதில் இந்த வருடம் ஒரே தடவையாக 1,800 டாலர் தருகிறார்களாம். இரண்டும் ஒன்றுதானே?

இந்த வருடத்துக்கு மட்டும் ஒன்று. 60,000 டாலர் சம்பளத்தில் 3 சதவீதம் ஏறினால் 61,800; அடுத்த வருடம் இன்னொரு 3 சதவீதம் ஏறினால் 63,654. ஒருமுறைத் தொகை வாங்கினால் அடிப்படைச் சம்பளம் 60,000-இலேயே நிற்கும். அடுத்த வருடம் 3 சதவீதம் கிடைத்தாலும் 61,800-தான். 1,854 டாலர் பள்ளம். அதை யாராவது பேசி நிரப்பாதவரை ஓய்வு பெறும்வரை வருடா வருடம் தொடரும். ஓவர்டைம் விகிதமும் அடிப்படைச் சம்பளத்தோடுதான் ஏறும். ஒருமுறைத் தொகை ஓய்வூதியக் கணக்கில் சேருமா என்று உங்கள் ஓய்வூதியத் திட்டத்திடம் எழுத்தில் கேளுங்கள். திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

நகரத்திடம் உண்மையாகவே பணமில்லை என்றால் பாதிப் பாதியாகக் கேட்பது நல்லது: ஜூலையில் ஒருமுறைத் தொகை, ஜனவரியில் அடிப்படையில் 3 சதவீதம். அந்த உயர்வுக்கு இந்த நிதியாண்டில் நகரத்துக்குப் பாதிச் செலவுதான். உங்கள் அடிப்படையோ முழுதாக ஏறிவிடும்.

கேள்வி: உயர்வு முன்தேதியிட்டு வருகிறது. நடுவில் ஓய்வு பெற்றவர்களுக்கு அரியர் உண்டா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். "ஒப்புதல் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு" என்று இருந்தால், முந்தின வாரம் ஓய்வு பெற்றவருக்கு ஒரு சென்ட்கூட வராது. "ஜூலை 1 முதல் பணியாற்றிய எல்லோருக்கும், அவரவர் பணியாற்றிய காலத்துக்கு" என்று எழுத வைக்க வேண்டும். எத்தனை சம்பளப் பட்டியலுக்குள் தர வேண்டும் என்ற கெடுவும் வேண்டும். கெடு இல்லாத அரியர் மாதக்கணக்கில் இழுக்கும். கைக்கு வந்ததும் ஓவர்டைமைச் சரிபாருங்கள். முன்தேதியிட்டுச் சம்பளம் ஏறினால், அந்தக் காலத்தில் செய்த ஓவர்டைமையும் புது விகிதத்தில் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது மத்திய அரசின் ஊதிய விதி. சம்பளப் பிரிவுகள் அடிப்படைக்கு மட்டும் வித்தியாசம் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவதுண்டு. பழைய சம்பளச் சீட்டுகளில் ஓவர்டைம் மணிகளைக் கூட்டி, பழைய ஓவர்டைம் விகிதத்துக்கும் புது ஓவர்டைம் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் வர வேண்டிய தொகை தெரிந்துவிடும். குறைந்திருந்தால், ஒப்பந்தத்தில் உள்ள குறைதீர்ப்புக் கெடு தாண்டுவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.