பாசி எடுக்கும் பெண்களும் பவளத் தீவுகளும்

அன்புள்ள ஐயா,

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு ஆதரவாக எழுதியிருந்தீர்கள். வயிற்றுப்பாடு புரிகிறது. ஆனால் பவளப்பாறை போனால் போனதுதானே? 21 தீவுகளையும் ஆள் நடமாட்டமே இல்லாமல் மூடிவிடுவதுதானே சரி?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பவளப்பாறை மேல் உங்களுக்குள்ள அக்கறை எனக்கும் உண்டு. அதனால்தான் அதை அழித்தது எது என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பாறையை வெட்டி அள்ளினார்கள். 1986இல் பூங்கா அறிவித்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அதுவே முக்கியக் காரணம். 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாபைகஸ், வியாபாரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த பாசி. இதில் எதுவும் பாசி எடுக்கும் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் செய்ததில்லை.

அவர்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுகிறார்கள். இரும்பால் சுரண்டினால் பாறையும் பெயரும், பாசியும் திரும்ப முளைக்காது என்று சுரண்டியை விட்டது அவர்களேதான். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த நாட்களில் பாசி எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பெண்களின் உரிமைக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி என்ற சர்வதேச விருது 2015இல் கிடைத்தது. அதே பெண்களை வனத்துறை திருடிகளைப்போல் விரட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேசியப் பூங்கா அமைக்கும்போது அங்குள்ளவர்களின் உரிமைகளை விசாரிக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமே சொல்கிறது. ஆனால் உரிமைக்குக் காகிதம் கேட்டால், கடலுக்கு ஏது பட்டா? பாட்டி காலத்திலிருந்து முங்கிவரும் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாசி எடுக்கும் ஆட்கள் கூடினால் அதற்கு ஒரு வரம்பு வேண்டும். ஏதாவது ஒரு தீவைச் சில காலம் மூடவேண்டியும் வரலாம். எந்தத் தீவு, எத்தனை மாதம் என்பதை அரசு அந்தப் பெண்களையும் உட்காரவைத்து முடிவு செய்யட்டும். தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்குக் கொடுப்பதுபோல அந்த மாதங்களுக்கு இவர்களுக்கும் நிவாரணம் கொடுக்கட்டும். எந்த இடத்தில் பாசி குறைந்திருக்கிறது என்று தினமும் முங்குகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.