காணாக்கடி: கடிப்பது யார்?

கேள்வி: எட்டு மாதமாக உடம்பில் தடிப்பும் அரிப்பும். காலையில் கையில் இருந்தால் சாயங்காலம் தொடையில். காணாக்கடி என்று வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தியாயிற்று. டாக்டர் ‘மாஸ்ட் செல்’ என்று ஏதோ சொல்லி மாத்திரை கொடுத்தார். அரித்தால் மட்டும் போடுகிறேன், சரிதானே?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துத்தான் காணாக்கடி என்று பெயர் வைத்தார்கள். பூச்சியெல்லாம் இல்லை. தோல், மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் நம்மைத் தொடுகிற இடங்களில் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன, உள்ளே நொய் மாதிரி குருணைகள், அவற்றில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம். 1878-ல் சாயம் ஏற்றிப் பார்த்த பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, இவை தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்து, ஜெர்மன் மொழியில் கொழுக்கவைக்கும் தீனியைக் குறிக்கும் ‘மாஸ்ட்’ என்ற சொல்லை வைத்தார். அந்தக் குருணைகள் தின்றவை அல்ல, செல்லே தயாரித்தவை. ஆக, இந்தப் பெயரும் தப்புதான்!

மாஸ்ட் செல் குருணைகளைக் கொட்டியதும் ஹிஸ்டமினால் ரத்தக் குழாய் கசிந்து தோல் தடிக்கிறது, நரம்பு தூண்டப்பட்டு அரிக்கிறது. ஆறு வாரத்தைத் தாண்டிய காணாக்கடிக்குப் பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லை. பலருக்குத் தன் உடம்பே மாஸ்ட் செல்லைச் சீண்டும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். (கெட்டுப்போன சூரை மீனில் ஹிஸ்டமினே ஊறிக் கிடக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது, அது வேறு கதை.)

இப்போது மாத்திரை. செட்டிரிசின் வகை மாத்திரைகள் ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு உட்காருகின்றன, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. ஹிஸ்டமின் ஏறி உட்கார்ந்த பிறகு துண்டு போட்டு என்ன பயன்? அதனால் அரித்தாலும் அரிக்காவிட்டாலும், டாக்டர் சொன்னபடி தினமும் போடுங்கள். அடங்காவிட்டால் அளவைக் கூட்டுவதும், ஓமாலிசுமாப் ஊசி போடுவதும் அவர் முடிவு.

ஆனால் நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ இந்த மாத்திரையை நம்பி உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும்.

அப்புறம், மூட்டுவலி, தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஏதாவது போடுகிறீர்களா? சிலருக்கு அவையே தடிப்பைக் கிளப்பிவிடும். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே.