மலைப்பள்ளியில் ஆசிரியர் ஊழியம்: அழைப்பா, அலுப்பா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 9 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகன் 3-ம் வகுப்பு. கடந்த மே மாதம் எங்கள் சபையிலிருந்து ஜவ்வாது மலையில் ஒரு ஊழிய வளாகத்துக்கு விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தப் போனோம். பள்ளியும் விடுதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. திரும்பி வந்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது. ஊழியத் தலைவர், "கணக்குக்கு ஆள் இல்லை, குடும்பமாக வந்துவிடுங்கள்" என்கிறார். பிறகு ஒரு கன்வென்ஷனில், என்னை முன்பின் தெரியாத பிரசங்கியார் "ஆண்டவர் மலையின்மேல் உனக்கு வேலை வைத்திருக்கிறார்" என்று ஜெபித்தார். கணவரோ, "கூப்பிட்டால் உன்னை மட்டுமா கூப்பிடுவார்? எனக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்கிறார். இது ஆண்டவரின் அழைப்புதானா? எப்படித் தெரிந்துகொள்வது? ஆயரிடம் எப்போது சொல்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மே மாதம். விபிஎஸ் நாட்களில் எந்த ஊழிய வளாகமும் அழகாகத்தான் இருக்கும். தேர்வுத்தாள் கிடையாது, போர்ஷன் கிடையாது. பிள்ளைகள் ஆக்‌ஷன் சாங் பாடிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். பெரம்பூரில் வெயில் கொளுத்தும்போது அங்கே சாயங்காலக் காற்று சில்லென்று வீசும். இங்கே உங்களுக்காகக் காத்திருப்பதோ பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், கரஸ்பாண்டென்ட் அறையில் ரிசல்ட் மீட்டிங், அட்மிஷனுக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கும் வேலை. அங்கேயே இருந்துவிடலாமே என்று யாருக்குத்தான் தோன்றாது? அதற்காக உங்களுக்குத் தோன்றியது பொய் என்று சொல்ல மாட்டேன். அலுப்பும் அழைப்பும் ஒரே மனதில் சேர்ந்தே குடியிருக்கும். எது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் கொஞ்சம் காலம் வேண்டும்.

உறைவிடப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து பழகியவன் நான். ஆண்டவர் அழைத்த கதையைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னால் எல்லாரும் நன்றாகவே சொல்வார்கள். அதனால் நான் வேறொன்று கேட்பேன்: "போன வருஷம் எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவே இல்லை? அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" சிலர் விழிப்பார்கள். சிலர் கடன் வாங்கிக் கழிப்பதைப் பற்றியோ பின்னத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அவர்களைத்தான் குறித்துக்கொள்வேன். உங்களை அங்கே கூப்பிடுவது கணக்குச் சொல்லித்தர. மலை பிடித்திருக்கிறது, பிள்ளைகள் பிடித்திருக்கிறது, ஊழியம் பிடித்திருக்கிறது, ஆனால் கணக்கு நடத்துவது மட்டும் சலித்துவிட்டது என்றால், பெரம்பூரில் சலித்தது ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலும் சலிக்கும். அங்கே இன்னும் சீக்கிரமாகவே சலிக்கலாம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் போய் வரும் வீடுகள் அங்கே நிறைய. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்து அறுந்துதான் தொடரும்.

இன்னொன்று, உறைவிடப் பள்ளியில் நான்கு மணிக்கு மணி அடித்ததும் ஆசிரியர் வேலை முடியாது. ராத்திரி ஸ்டடி, மெஸ் டியூட்டி, சிரங்கு வந்த பிள்ளைக்கு மருந்து பூசுவது, ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு வந்து "பையனை அறுவடைக்கு அனுப்பு" என்று நிற்கும் அப்பாவிடம் பேசுவது, எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ராத்திரி பாயை நனைத்துவிட்டு, யாரும் எழுவதற்குள் அதைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும். அடுத்த நாள் ராத்திரி வெறுந்தரையில் படுக்கும். காரணம் கேட்டால் வாயே திறக்காது. அதை யாரும் பார்க்காமல் கவனித்து, அலசிப் போட்டு, வேறு பாய் கொடுத்துவிட்டு, அதே காலையில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுக்கப் போக வேண்டும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு "ஐயோ, முடியாது" என்று தோன்றுகிறதா, "அந்தப் பிள்ளை பேர் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதா? பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதைச் சோதித்துப் பார்க்க மலைக்கே போக வேண்டும் என்பதில்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சபைகள் நடத்தும் மாலை நேர டியூஷன்களில் கணக்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வாரம் மூன்று நாள், ஆறு மாதம் போங்கள். ஒரு நிபந்தனை: நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எடுக்காதீர்கள், பின்தங்கிய நான்கு பேரைக் கேட்டு வாங்குங்கள். மழை பெய்து கேனால் ஓரத் தெருவில் தண்ணீர் நிற்கும் நாளிலும் போகிறீர்களா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த நான்கு பேரைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டே இருந்தால், மலையைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் இன்னும் கவனமாகக் கேட்பேன். ஒருவேளை உங்கள் இடம் வியாசர்பாடிதான் என்று தெரிந்தாலும் நல்லதுதானே.

அதே வளாகத்துக்கு மறுபடி ஒரு முறை போய் வாருங்கள். இந்த முறை நவம்பரில். சம்பளம் போனாலும் பத்து நாள் லீவு போடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும், மழை விடாது, துணி காயாது, பிள்ளைகளுக்குச் சளி, ஆசிரியர்களுக்கு எரிச்சல். விருந்தாளியாகப் போகாமல், ஆசிரியர்களோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வகுப்பெடுங்கள். முடிந்தால் அங்கிருந்து வேலையை விட்டுப் போன ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். இருக்கிறவர்கள் சொல்லாததைப் போனவர்கள் சொல்வார்கள்.

இனி அந்தப் பிரசங்கியார் சொன்ன தீர்க்கதரிசனம். அதை நான் தள்ளவில்லை, ஆனால் அதன்மேல் வீட்டைக் கட்ட வேண்டாம். விபிஎஸ் முடிந்து மனம் முழுக்க மலையாக இருக்கும் நேரத்தில் வந்த வார்த்தை அது. கன்வென்ஷன் மேடையிலிருந்து அன்று எத்தனை பேருக்கு என்னென்ன சொல்லப்பட்டது என்று நமக்குத் தெரியாது. வேதாகமத்தில் பாருங்கள்: அந்தியோகியாவில் பர்னபாவையும் பவுலையும் ஊழியத்துக்குப் பிரித்துவிடச் சொன்ன வார்த்தை, அவர்களோடு சேர்ந்து ஊழியம் செய்து, உபவாசித்துக்கொண்டிருந்த சபைக்குத்தான் வந்தது. சாமுவேலுக்கே, கூப்பிடுவது யார் என்று எடுத்துச் சொல்ல ஏலி தேவைப்பட்டார். உங்களை நன்றாக அறிந்தவர்கள், உங்கள் கோபத்தையும் சோம்பலையும் பார்த்தவர்கள், "ஆமாம், இது உனக்கானதுதான்" என்று சொல்கிறார்களா? முன்பின் தெரியாதவர் சொன்னதைவிட எனக்கு அது பெரிது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் மலை என்று வந்தது, பேருந்து டிக்கெட் எண் ஒத்துப்போனது என்று சேர்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

உங்கள் கணவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனி ஆளாக இருந்தால் கதை வேறு. குடும்பமாகப் போகும்போது, ஒருவருக்கு அழைப்பு, மற்றவருக்கு வெறும் பின்தொடர்தல் என்றால் இரண்டாவது வருஷத்தில் அது வெடிக்கும். அவருக்கு அங்கே என்ன வேலை என்று தலைவர் சொன்னாரா? "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் ஆகாது. மகன் எங்கே படுப்பான் என்பதையும் கேளுங்கள். அம்மா ராத்திரி டியூட்டியில் இருந்தால், அவனும் விடுதிப் பிள்ளைகளில் ஒருவனாகிவிடுவான். ஊழியக்காரர் பிள்ளைகளின் மனக்குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அழைப்பு ஒரே நாளில் முழுசாகத் தெரிந்துவிட வேண்டும் என்று பதறாதீர்கள். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் 1893-ல் போனது ஜப்பானுக்கு. உடம்புக்கு முடியாமல், இடையில் இலங்கையில் கொஞ்ச காலம் இருந்து, வீடு திரும்பி, 1895-ல்தான் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்வதுதான் தன் ஊழியம் என்றிருந்தவரிடம், 1901-ல் ஒரு சின்னப் பெண் தப்பி வந்து சேர்ந்தாள். அதன்பின் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பயணத்தை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்ப்பதா என்று அவருக்கும் போராட்டம் இருந்தது. கடைசியில் டோனாவூரிலேயே இருந்து, 1951-ல் அங்கேயே இறந்தார். முதலில் போன இடம் தவறிப்போனது என்று அவரை யாரும் குறை சொல்வதில்லை.

இனி காகிதங்கள். ஆவிக்குரிய விஷயத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்குவீர்கள். கேட்டே ஆக வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் ஆண்டவரே. பள்ளிக்கு அங்கீகாரமும் யுடைஸ் எனப்படும் 11 இலக்கப் பள்ளி அடையாள எண்ணும் இருக்கின்றனவா? விடுதிக்கு 2014-ம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருந்தால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழும் பதிவு வேண்டும். இல்லாமல் நடத்தினால் நிர்வாகிக்கு ஓராண்டுவரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. வெளிநாட்டுப் பணம் வருகிறதென்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், 5 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஜெபத்தில் கலந்துகொள்ளப் பெற்றோர் சம்மதம் வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அரசியலமைப்பின் 28-வது பிரிவு அதைக் கேட்கிறது. ஏமாற்றாமல் ஊழியம் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கசக்காது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறைக்குச் சொல்வது உங்கள் சொந்தக் கடமை. தலைவரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஜெபித்துப் பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின்முன் நிற்காது. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. நவம்பரில் போகும்போது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா, ராத்திரியில் மாணவிகள் பகுதிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம், இங்கே அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால், சகோதரி, அங்கே போகாதீர்கள்.

பணம். "விசுவாச ஊழியம்" என்று சொல்லிச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவார்கள். மாதம் எவ்வளவு, மருத்துவச் செலவு யார் பொறுப்பு, விலகினால் என்ன தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம், ஊழியமாக இருந்தாலும் சரி. உங்கள் பள்ளியில் பிஎஃப்போடு ஓய்வூதியத் திட்டத்துக்கும் பணம் போகிறது என்றால், 10 ஆண்டு சேவை இருந்தால்தான் பிற்காலத்தில் மாத ஓய்வூதியம். 9 ஆண்டு ஓடிவிட்ட நிலையில் சில மாதம் பொறுப்பதில் என்ன குறை? 5 ஆண்டு தாண்டியவர் என்பதால் பணிக்கொடையும் உங்களுக்கு உண்டு, தனியார் பள்ளி ஆசிரியருக்கும் அது பொருந்தும், கேட்டு வாங்குங்கள். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதவில்லை என்றால் போவதற்கு முன்பே எழுதி முடியுங்கள். இப்போது அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு போவது அரைமனது என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் மகனுக்கு ஃபீஸ் கட்டுவாரா என்று கேளுங்கள்.

சபையும் இதில் பங்கெடுக்க வேண்டும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்களை நம் காசிலேயே அனுப்புவது என்பதுதான் அதன் உறுதி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா, பிறகு தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டுப் போனார். உங்கள் சபையும் "போய் வா" என்று கைகுலுக்குவதோடு நிற்காமல், மாதம் இவ்வளவு என்று தாங்க முன்வருகிறதா பாருங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

தலைவர் உடனே முடிவு கேட்டால், அடுத்த ஜூனுக்கு முன்னால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நடுவருஷத்தில் உங்கள் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. "இப்போது வராவிட்டால் கதவு அடைபட்டுவிடும்" என்று அவர் பயமுறுத்தினால் அதையும் குறித்து வையுங்கள். ஆயரிடம் இப்போதே சொல்லலாம், தலைவருக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கூட்டத்துக்கு நடுவே பிடிக்காதீர்கள். வாரநாளில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கணவரைப் பேசவிடுங்கள்.