புல்வெளியில் தனியாக ஒரு பெண்: அந்த ஓவியம் சொல்வது ஏக்கத்தையா?

இயற்கையின் நடுவே ஒரு பெண்ணைத் தனியாக வரைந்தாலே அது ஏக்கத்தின் குறியீடுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று நிலத்தோடு சேர்த்தே உணர்வைப் படித்துப் பழகிய மனசு. அந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்த்தது, அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் 1948இல் வரைந்த 'கிறிஸ்டினாவின் உலகம்'. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெளிறிய ரோஜா நிற உடுப்பில் ஒரு பெண், நமக்கு முதுகு காட்டிப் புல்லில் இருக்கிறாள். தூரத்தில், மேட்டின் மேல் சாம்பல் நிற வீடு. யாருக்கோ காத்திருக்கிறாள் போல என்று நினைத்துக் கடந்துவிடத் தோன்றும்.

கைகளைப் பாருங்கள். வற்றி மெலிந்த கைகள். உடம்பின் பாரம் முழுக்க அவற்றின் மேல்தான். உட்கார்ந்து காற்று வாங்குகிறவளின் கைகள் அப்படி இருக்காது. மெய்ன் மாநிலத்தில் வையத்துக்குப் பழக்கமான கிறிஸ்டினா ஓல்சனால் நடக்க முடியாது. சக்கர நாற்காலி வேண்டாம் என்று மறுத்து, எங்கேயும் தவழ்ந்தே போய்வந்தவர். அப்படி அவர் வயலைக் கடப்பதைப் பார்த்துத்தான் வையத் இதை வரைந்தார். கிறிஸ்டினாவுக்கு அப்போது 55 வயது. உடலுக்கு மாதிரியாக இருந்தது ஓவியரின் இளம் மனைவி பெட்சி.

அப்புறம் அந்தப் புல். இது டெம்பரா ஓவியம். முட்டையின் மஞ்சள்கருவில் நிறத்தூளைக் குழைத்துத் தீட்டுவது. தீட்டிய சற்று நேரத்தில் காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணம் மாதிரி இழுத்துக் கலக்க முடியாது. மெல்லிய கோடு கோடாகத்தான் போட்டுக்கொண்டே போக வேண்டும். அதனால் முன்பக்கத்துப் புல் இழை இழையாகப் பிரிந்து தெரிகிறது. தவழ்கிறவருக்குத் தரை அவ்வளவு கிட்டத்தில்தானே இருக்கும்! படத்தில் பெரும்பகுதி புல்தான், வானம் மேலே ஒரு பட்டை. வீடு வரைக்கும் அத்தனையையும் அவர் கடந்தாக வேண்டும். எனக்கு இப்போது அதில் ஏக்கத்தைவிடப் பிடிவாதம்தான் அதிகம் தெரிகிறது.

கட்டிய கூந்தலிலிருந்து பிரிந்த சில இழைகள் காற்றில் அலைகின்றன. ஒதுக்கிவிட அவருக்குக் கை ஒழியவில்லை.