"இன்னும் பளிச்சுன்னு வேணும் அண்ணாச்சி!"

பாளையங்கோட்டையில் வண்டி ஒயரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் கூரையில் விளக்கை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டியே பாதித் தலை நரைத்துவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன: வெளிச்சம் போதவில்லை. போதாதது வெளிச்சம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணாச்சி, ஆம்புலன்ஸுக்குப் புது எல்இடி லைட் பார் போட்டோம். தனியா போட்டா நல்லா எரியுது. சைரனையும் சேத்துப் போட்டா மங்கிருது. பெரிய பேட்டரி போடச் சொல்லுதாங்க. போடலாமா?
(அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஓட்டுநர்)

பேட்டரியில் கை வைக்காதீங்க தம்பி. முதலில் ஒரு சாதா மல்டிமீட்டரை எடுங்க. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, சைரன் இரண்டையும் போட்டுவிட்டு, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்க. பிறகு கூரை மேல் விளக்கின் ஒயர் முனையில் பாருங்க. கீழே 13.8, மேலே 11.6 என்று காட்டினால் நடுவில் 2.2 வோல்ட்டை ஒயரே தின்றுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் அந்தத் தீனி நிற்காது.

கணக்கு இதுதான். விளக்கு 6 ஆம்பியர், 100 வாட் சைரன் ஏறக்குறைய 9 ஆம்பியர், ஆக 15. பேட்டரியிலிருந்து கூரைக்கு 6 மீட்டர் என்றால் போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர் ஒயர். 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இந்தத் தூரத்துக்குச் சுமார் 0.15 ஓம் தடை. 15 ஆம்பியரால் பெருக்கினால் அந்த 2.2 வோல்ட் வந்துவிடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். சைரனுக்குத் தனி ஒயரே இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு கரண்டை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஓட்டக் கூடாது, ரிலே வேண்டும், அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலேயின் அடியில் எண் பொறித்திருக்கும்: 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 ஸ்விட்சிலிருந்து, 85 எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேனில், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளை போட்டு, ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் வளையம்) வைக்காமல் ஒயரை இழுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. ஃப்யூஸ் போட்டிருந்தேன், ஆனால் டேஷ்போர்டுப் பக்கம். கருகியதோ அதற்கு முன்னால் உள்ள ஒயர். சேரன்மகாதேவி தாண்டி வண்டிக்குள் புகை. நல்ல காலம், உள்ளே நோயாளி இல்லை. ஓட்டுநர் பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் டெர்மினலைத் தட்டிக் கழற்றியிருக்கிறார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மேல லைட் எரியும்போது பின்னால இண்டிகேட்டரும் கூடவே மினுக்கு மினுக்குன்னு துடிக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.
(தென்காசி)

பேய் இல்லை, எர்த். விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர நேர்வழி இல்லாமல் இண்டிகேட்டர் வழியாகப் புகுந்து வீடு திரும்புகிறது. உங்கள் வண்டியின் கூரை ஃபைபர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபைபரில் எங்கே போய் எர்த் கிடைக்கும்? கறுப்பு ஒயரைப் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில், சேஸிஸ் வரை அல்லது பேட்டரி நெகட்டிவ் வரை இழுங்க. போல்ட் முடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்க. என் பட்டறைக்கு "லைட் சரியில்லை" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் விளக்கு நன்றாகத்தான் இருக்கும்.

எங்க கம்பெனி தீயணைப்பு லாரி 24 வோல்ட். கைவசம் 12 வோல்ட் சுழல் விளக்கு இருந்தது. ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் கனெக்சன் குடுத்துட்டோம். ஓடுது. பரவாயில்லையா?
(கங்கைகொண்டான் சிப்காட்)

இன்றைக்கு ஓடும். ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் ஏற்றும். இறங்கியது முழுதாக ஏறாது, மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். ஆறு மாதத்தில் இரண்டுமே போகும். தீயணைப்பு வண்டி மாதத்தில் ஒரு நாள்தான் அவசரத்துக்குக் கிளம்பும், அன்றைக்குச் செல்ஃப் எடுக்காது. இப்போது வரும் பல எல்இடி விளக்குகள் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், பின்பக்கத் தகட்டில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்க. பழைய விளக்கை விட மனசில்லை என்றால் 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்க.

அமரர் ஊர்தியில நீல லைட்டும் சைரனும் போடலாமா? எங்க ஊர்ல ஒரு கட்சிப் பிரமுகர் காரில கூடப் போட்டிருக்காரு.

இரண்டுக்கும் ஒரே பதில்: கூடாது. அமரர் ஊர்தி மரியாதைக்குரிய வண்டி, அவசர வண்டி இல்லை. சைரன் போட்டு அழைத்துப் போவது இறந்தவருக்கும் அழகில்லை. பிரமுகர் விஷயம்: 2017 மே 1-ஆம் தேதியோடு அமைச்சர்கள், நீதிபதிகள் உட்பட எல்லோருடைய காரிலிருந்தும் சிவப்பு விளக்கு இறங்கிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதி 108-ஐத் திருத்தி, சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கைத் தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு காக்கும் காவல், பேரிடர் மீட்பு போன்ற பணிகளுக்கு என்று குறிக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும் வைத்தார்கள். என் பட்டறைக்கும் சிலர் வெள்ளை வேட்டியில் வந்து கேட்பதுண்டு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஆம்புலன்ஸ் என்று ஆர்சி புக்கில் பதிவான வண்டிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கட்டிய கம்பெனி பொருத்திய விளக்கோடு கூடுதலாக ஏதாவது சேர்ப்பதென்றால், எஃப்சி-க்கு (வண்டித் தகுதிச் சான்றிதழுக்கு) போகும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்க. பொருத்திய பிறகு கழற்றினால் கூரையில் ஓட்டைதான் மிஞ்சும்.

அண்ணாச்சி, நான் ஆம்புலன்ஸில் நர்ஸ். போன மாசம் நான்குவழிச் சாலையில், நாங்குநேரிப் பக்கம், ராத்திரி விபத்துக்குப் போனோம். வண்டியில் இருந்த எல்லா லைட்டும் எரிஞ்சுது. அப்படியும் ஒரு கார் எங்களை உரசுற மாதிரி வந்துட்டுது. இதுக்கு மேல என்ன லைட் போட?

எதுவும் போடாதீங்கம்மா. பாதியை அணைங்க.

காரில் வந்தவரை நினைத்துப் பாருங்க. இருட்டில் கண் பழகி வருகிறார். திடீரென்று எதிரே நீலமும் சிவப்பும் வெள்ளையும் பட்டாசு வெடித்த மாதிரி. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. வண்டி நிற்கிறதா, நகர்கிறதா, எந்தத் தடத்தில் நிற்கிறது, பக்கத்தில் ஆள் குனிந்து நிற்கிறாரா, எதுவும் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறார். பிரேக்கை யோசித்து, அழுத்தி, வண்டி நிற்பதற்குள் எழுபது மீட்டர் போய்விடும். கூச்சத்தில் இரண்டு நொடி கண்ணை இழந்தால் கூடுதலாக 44 மீட்டர். அந்த 44 மீட்டருக்குள்தான் நீங்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பை விட நீலம்தான் அதிகப் பளிச்சென்று படும். இதைப் பர்கின்ஜே என்ற செக் நாட்டு அறிஞர் இருநூறு வருடத்துக்கு முன்பே கண்டு சொன்னார். பகல் வெயிலில் வெளிறித் தெரியும் அதே நீல விளக்கு ராத்திரி கண்ணில் குத்தும். அதனால்தான் ஐரோப்பிய விளக்குத் தர விதியில் பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என்று இரண்டு நிலை கொண்ட விளக்குகளுக்கும் இடம் உண்டு. உங்கள் லைட் பாரில் அப்படி இரவு நிலை இருக்கிறதா என்று பாருங்க. மெல்லிய ஒயர் ஒன்று இணைக்காமல் டேப் சுற்றிக் கிடக்கும், பொருத்தியவர் சோம்பலில் விட்டிருப்பார். அதை பார்க் லைட்டோடு சேர்த்துவிட்டால் ராத்திரி தானாகவே மட்டுப்படும்.

நின்ற பிறகு செய்ய வேண்டியது: முன்பக்கம் பளிச்சிடும் வெள்ளையை அணைங்க. ஹெட்லைட்டை அணைங்க, எதிர்த்தடத்துக்காரர் கண்ணில் அதுதான் அடிக்கும். பின்பக்க விளக்கு மட்டும் மெதுவாகத் துடிக்கட்டும். இதைக் கையால் செய்ய அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. அதனால் நான் ஹேண்ட் பிரேக் ஸ்விட்சிலிருந்து ஒரு ரிலே எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டவுடன் முன் வெள்ளை தானாக அணையும்படி கட்டிக் கொடுக்கிறேன். ஒரு ரிலே, நாலு மீட்டர் ஒயர், அரை மணி நேர வேலை.

மிச்சம் ஒயரில் இல்லை. வண்டியை நேராக நிறுத்தாமல் கொஞ்சம் சாய்த்து நிறுத்தச் சொல்லுங்க, அப்போதுதான் ஓடுகிற வண்டி இல்லை என்று தூரத்திலேயே தெரியும். பின்னால் நல்ல தூரம் தள்ளிக் கூம்புகள் வையுங்க. ஒளி திருப்பும் பட்டை வைத்த மேல்சட்டை இல்லாமல் இறங்காதீங்க. கறுப்பு ஸ்வெட்டரில் இறங்கினால் எந்த விளக்கும் உங்களைக் காட்டாது.

என் லைட்ல 28 பேட்டர்ன் இருக்கு. எது பெஸ்ட்?

எது மெதுவாக இருக்கிறதோ அது. நொடிக்கு இரண்டு முதல் நான்கு துடிப்பு போதும். அதற்கு மேல் படபடவென்று அடிப்பது கல்யாண வீட்டு டிஜே-க்கு ஆகும். வேகமான ஒளித்துடிப்பு வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பையே தூண்டிவிடும். உள்ளே படுத்திருப்பவர் அவராகக்கூட இருக்கலாம்.

டவுனுக்குள்ள சைரன், லைட் எல்லாம் போட்டும் எவனும் வழி விடமாட்டேங்கான். வழி விடலன்னா ஃபைன் இருக்காமே?
(மேலப்பாளையம்)

இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194இ: ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ரத வீதியில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் எங்கே போய் வழி விடுவார்? அன்றைக்கு எந்தத் தெரு அடைப்பு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது சைரனை விட வேகமாக உங்களை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்.

2017 ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவசர வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்ட அனுமதிக்கின்றன, ஆனால் உரிய கவனத்தோடு. வண்ணாரப்பேட்டை சிக்னலில் பக்கவாட்டில் வருபவர் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார். நடுவில் ஒரு பஸ் நின்றால் உங்கள் விளக்கும் அவருக்குத் தெரியாது. கூரை விளக்கு உயரத்தில் இருக்கிறது, அவர் உங்கள் கிரில்லைத்தான் பார்ப்பார். கிரில்லில் இரண்டு சின்ன விளக்கு வைப்பது கூரையில் நாலு சேர்ப்பதை விட மேல். அப்படியே சிக்னலில் ஒரு தடவை நின்றே எடுங்க.

இரண்டு ஆம்புலன்ஸ் ஒன்றின் பின் ஒன்றாக வந்தால் இன்னும் ஆபத்து. முதல் வண்டி போனதும் எல்லோரும் சாலைக்குத் திரும்பிவிடுவார்கள். பின்னால் வருபவர் சைரனில் வேறு ஒலியைப் போட்டு, இடைவெளி விட்டு வர வேண்டும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் வழக்கத்தை விடுங்க, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று எவருக்கும் தெரியாமல் போகும்.

லைட்டுக்குள்ள தண்ணி நிக்குது. சுத்திச் சிலிக்கான் வச்சு அடைச்சும் நிக்குது.
(உவரி)

அடைத்ததால்தான் நிற்கிறது. விளக்கின் அடியில் சின்னத் துளை இருக்கும், உள்ளே வேர்க்கும் ஈரம் வெளியேற அது. அதையும் சேர்த்து மூடியிருப்பீர்கள். சிலிக்கானைச் சுரண்டிக் கீழ்த்துளையைத் திறங்க. கூரையில் ஒயர் இறங்கும் ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும், ஒயரையும் ஓட்டைக்கு முன் கீழ்நோக்கி வளைத்துவிடுங்க, சொட்டு அங்கேயே விழுந்துவிடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை விளக்கின் ஓரத்தில் காட்டக் கூடாது.

உங்கள் ஊர் உப்புக்காற்று தனிச் சங்கதி. அலுமினியத் தகட்டில் ஸ்டீல் திருகு போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவில் நைலான் வாஷர் வையுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிறகு என்னிடம் வந்த வண்டிகளில் கூரை விளக்கு எதுவும் போகவில்லை. சீட்டுக்கு அடியில் தரையோடு வைத்திருந்த ரிலே பெட்டிதான் போயிருந்தது. அதை டேஷ்போர்டு உயரத்துக்கு ஏற்றுங்க.

மாஞ்சோலை ரோட்டுல மூடுபனி. லைட் போட்டா முன்னால ஒண்ணுமே தெரியல.

வெள்ளையை அணைத்து, கூரை விளக்கையும் அணைத்து, ஹெட்லைட்டைத் தாழ்த்தி மெதுவாக வாங்க. அந்த நேரத்தில் அங்கே வழி விட எதிரே இருப்பது மிளாவும் காட்டுப்பன்றியும்தான். விளக்கு துடித்தால் அவை மிரண்டு அசையாமல் நிற்கும்.

கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கு: நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. அந்தச் சிவப்பு ஒயர் எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஸ்டெப்னி மறைக்கிறது. ஸ்டெப்னியை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்புங்க. அதுவரை பேட்டரி கனெக்சனைக் கழற்றி வைங்க.