குண்டு வெடிக்கும் கடற்கரையில் ஆமை முட்டையிடுமா?

கேள்வி: ராணுவப் பயிற்சி நடக்கும் கடற்கரைகளில் இயற்கையைப் பாதுகாக்கிறோம் என்று சொல்வதெல்லாம் வெறும் கண்துடைப்புதானே?

கண்துடைப்பு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்காக, தளபதிகளுக்கு ஆமை மீது திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்றும் நம்ப வேண்டாம். கடலோரச் சூழலியல் என் துறை என்பதால் இந்தத் தளங்களின் மேலாண்மைத் திட்டங்களை அடிக்கடி படிக்க வேண்டியிருக்கும். அந்த வாசிப்பில் தெரிவது இதுதான்: இயற்கை கெட்டால் பயிற்சி நாட்கள் பறிபோகும் என்ற நிலை இருக்கும் இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், இதில் நீண்ட அனுபவம் அவர்களுக்குத்தான். அங்கே பாதுகாப்புத் துறையிடம் சுமார் 2.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. பரப்போடு ஒப்பிட்டால், வேறெந்த மத்திய அரசுத் துறையின் நிலத்தையும்விட அங்கே அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்கள் அதிகம். பாதிக் காரணம் வேலி. லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியேகோவுக்கும் இடையே கடற்கரை முழுக்க வீடும் ஹோட்டலும் ஆகிவிட, கேம்ப் பெண்டில்டன் என்ற மரீன் (கடல்வழித் தாக்குதல் படை) தளத்தின் 27 கிலோமீட்டர் மட்டும் பெரும்பாலும் வெறும் மணலாகத் தப்பியது. வெட்டவெளி மணலில் முட்டையிடும் சிற்றாலா என்ற கடற்பறவைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மீதிப் பாதி சட்டம். 1960இல் வந்த சைக்ஸ் சட்டத்தை 1997இல் திருத்தி, இயற்கை வளம் கணிசமாக உள்ள ஒவ்வொரு தளமும் வனவிலங்குத் துறையோடு சேர்ந்து மேலாண்மைத் திட்டம் போட வேண்டும் என்றார்கள். அதே சட்டத்தில், இதனால் ராணுவப் பணிக்கு நிலம் பயன்படும் திறன் குறையக்கூடாது என்றும் இருக்கிறது. சிலர் இதை ஓட்டை என்பார்கள். எனக்கு அது நேர்மையான வரியாகவே படுகிறது. இரண்டு தரப்பும் எதற்காக உட்கார்ந்து பேசுகின்றன என்பதை அது மறைக்கவில்லை.

வட கரோலினா மாநிலத்தின் கேம்ப் லெஜூன் மரீன் தளத்தில் ஆன்ஸ்லோ பீச் என்று ஒரு தடுப்புத் தீவு, அதாவது கரைக்கு இணையாகக் கிடக்கும் நீளமான மணல் தீவு. கடலிலிருந்து கவச வண்டிகள் கரையேறும் பயிற்சி அங்கேதான். கோடைக்காலத்தில் அதே மணலில் பெருந்தலை ஆமை முட்டையிடுகிறது. வண்டி கூட்டை மிதிப்பது மட்டும்தான் ஆபத்து என்று நினைப்போம். ஆனால் சக்கரம் விட்டுப்போகும் பள்ளமும் ஆபத்துதான். குஞ்சு இரவில் வெளியே வந்து, வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று கணக்கிட்டு நகரும். வழியில் தடத்துக்குள் விழுந்தால் ஏறத் தெரியாமல் அதன் வழியே கரைக்கு இணையாகப் போய்க்கொண்டே இருக்கும், நண்டு பிடிக்கும் வரை அல்லது வெயில் ஏறும் வரை. அதனால் கரையேறும் பகுதியில் இடப்பட்ட முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மற்ற இடங்களில் கூட்டைச் சுற்றி அடையாளம் நட்டு வண்டிகளை விலக்குகிறார்கள். மணல்மேட்டின் மேல் ஓட்டக்கூடாது, குறித்த வழியில்தான் ஏற வேண்டும் என்பதும் விதி. மேட்டில் உள்ள புல் போய்விட்டால் மணலைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, அடுத்த புயலில் பயிற்சித் திடலும் சேர்ந்து கரையும்.

கரைக்குப் பின்னால் உள்ள நீள்இலைப் பைன் காட்டின் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் காடு அவ்வப்போது எரிய வேண்டும், இல்லாவிட்டால் புதர் மண்டிவிடும். குண்டு விழும் பகுதிகளில் தீ தானாகவே பற்றுவதால் நல்ல பைன் காடு அங்கே மிஞ்சியிருந்தது! மற்ற பகுதிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். உயிருள்ள முதிர்ந்த பைனில் பொந்து குடையும் சிவப்புக்கொண்டை மரங்கொத்தி இந்தக் காட்டை நம்பி வாழ்கிறது. 1990களில் இதே மாநிலத்தின் ஃபோர்ட் பிராக் தளத்தில் இந்தப் பறவைக்காகப் பயிற்சிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. பறவை பெருகப் பெருகக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஒரு பயிற்சி அதிகாரிக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் எது? 2024இல் அந்தப் பறவையை 'அழியும் அபாயம்' பட்டியலிலிருந்து அபாயம் ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றினார்கள்.

வேலிக்குள் எவ்வளவு செய்தாலும் தீராத சிக்கலும் உண்டு. லெஜூன் தளத்தில் 2007 முதல் பத்தாண்டுகள் கழிமுகம், உப்புச் சதுப்பு, தடுப்புத் தீவு, காடு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அங்குள்ள நியூ ரிவர் கழிமுகத்தில் பாசி மண்டியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, ஆற்றின் மேல்பகுதியில் தளத்துக்கு வெளியே உள்ள ஊரின் கழிவுநீர். 1990களின் இறுதியில் சுத்திகரிப்பு மேம்பட்டதும் தண்ணீர் தெளியத் தொடங்கியது. கடல்மட்ட உயர்வும் அப்படித்தான், காவலாளி தடுக்க முடியாது. சதுப்பு தானே வண்டலைப் பிடித்து உயரும், ஆனால் ஆறு கொண்டுவரும் வண்டல் குறைவாக இருந்தால் பின்தங்கிவிடும். மெல்லிய படலமாக மண் பரப்பி உதவலாம், கனமாகப் போட்டால் புல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் வியெக்கெஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் குண்டுவீசிப் பழகி, மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2003இல் வெளியேறியது. நிலத்தில் பெரும்பகுதி வனவிலங்குப் புகலிடமானது. வெடிக்காத குண்டுகளோ நிலத்திலும் கடலடியிலும் கிடந்தன, அகற்றும் வேலை பல ஆண்டுகளாக இழுத்தது. பயிற்சி நின்றாலே இயற்கை மீண்டுவிடும் என்பவர்களிடம் நான் வியெக்கெஸைச் சொல்வேன்.

ஒரு தளத்தில் நடப்பது கண்துடைப்பா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆமைக் காலமும் தீ வைக்கும் நாளும் பயிற்சி அட்டவணையிலேயே ஏறியிருக்கின்றனவா, தேவைப்பட்டால் அந்த அட்டவணையை மாற்றச் சொல்ல அங்குள்ள உயிரியலாளருக்கு அதிகாரம் உண்டா. ஆண்டறிக்கையில் ஆமைப் படம் எல்லாத் தளத்துக்காரர்களும் போடுவார்கள்.